உலாவியும் வழங்கியும்: இணைப்பில் ஓர் உடன்படிக்கை

முன்னுரை

தாம்பரம் புகைவண்டி நிலையத்தின் வழியாக நாள்தோறும் கல்லூரிக்கு வரும் மாணவர் பலர். அவர்களுடைய கையிலுள்ள பேசியிலோ வீட்டிலுள்ள கணிப்பொறியிலோ திருநெல்வேலிக்கு ஒரு படுக்கை இடம் கேட்டால், சில நொடிகளில் விடை வருகின்றது. இவ்விடையைத் தருவது யார்? கேள்வி எங்கே சென்றது? நடுவில் யார் யார் கைமாற்றினர்? திரையில் 'இடம் உண்டு' என்று காண்பது உண்மைதானா? இவ்வினாக்களைப் பெரும்பாலோர் எழுப்புவதில்லை.

'பிரவுசர்' என்று வழங்கும் உலாவியில் இயங்கும் நிரலையும், 'சர்வர்' எனப்படும் வழங்கியில் இயங்கும் மென்பொருள் கூறுகளையும் இணைப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள். இது கணிப்பொறித் துறையினருக்கு மட்டும் உரிய செய்தி என்று கருதிவிடலாகாது. இணைப்பு என்பது கம்பி அன்று. அஃது ஓர் உடன்படிக்கை. உடன்படிக்கை சொற்களாலும் எழுத்துகளாலும் ஆனது. சொல்லும் எழுத்தும் தமிழ்த்துறைக்கு உரியவை அல்லவா? ஆதலின் நாம் நாள்தோறும் காணும் இருப்புப்பாதை முன்பதிவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

1. பதிவேட்டிலிருந்து கணிப்பொறிக்கு

கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது 1931-இல். அதன் பின்னர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நெடுந்தொலைவு வண்டிகளின் முன்பதிவு, தடித்த பதிவேடுகளிலேயே நடைபெற்றது. பயணி படிவத்தை நிரப்பித் தருவார். எழுத்தர் அந்த வண்டிக்குரிய பதிவேட்டைப் புரட்டி, வெற்றிடம் கண்டு, பெயரை எழுதுவார். ஒரு பதிவேடு ஓரிடத்தில்தான் இருக்க இயலும். ஆதலால் ஒரு வண்டிக்கு ஒரு சாளரம் என்னும் நிலை இருந்தது.

1985-இல் தில்லியில் கணிப்பொறி வழி முன்பதிவு தொடங்கிற்று. 1986-இல் இருப்புப்பாதைத் தகவல் முறைமைகளுக்கான 'கிரிஸ்' என்னும் நடுவம் அமைக்கப்பட்டது. தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து இடங்களில் முன்பதிவு வழங்கிகள் நிறுவப்பட்டன. கிரிஸ் உருவாக்கிய 'கான்சர்ட்' என்னும் மென்பொருள் இவ்வைந்தையும் 1999-இல் ஒரே வலையாகப் பிணைத்தது. அதன் பின்னரே நாட்டின் எம்மூலையிலிருந்தும் எந்த வண்டிக்கும் சீட்டுப் பெறுதல் இயல்பாயிற்று.

ஈண்டு ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். கான்சர்ட் மென்பொருள் 'சி', 'ஃபோர்ட்ரான்' என்னும் நிரல்மொழிகளில் எழுதப்பட்டது. உலாவி என்பது பொதுமக்கள் கையில் இல்லாத காலத்திற்குரிய வடிவமைப்பு அது. முன்பதிவு எழுத்தரின் முனையத்தோடு மட்டுமே பேச அறிந்தது.

2. உலாவி வந்த வழி

சுவிட்சர்லாந்தில் 'செர்ன்' ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்சு-லீ 1989-இல் முன்மொழிந்த வையவிரிவு வலை, முதலில் எழுதிவைத்த பக்கங்களைக் காட்டுவதற்கே பயன்பட்டது. 1993-இல் 'சி.ஜி.ஐ.' என்னும் முறை வந்தது. உலாவியில் நிரப்பிய படிவத்தை வழங்கியிலுள்ள ஒரு நிரலிடம் ஒப்படைத்து, அது தரும் விடையைப் பக்கமாக்கித் திருப்பி அனுப்ப அது வழிசெய்தது. பக்கத்தைப் படித்தவர், அதன்மூலம் ஒரு நிரலை இயக்குபவர் ஆனார்.

1995-இல் 'ஜாவா ஆப்லெட்', 'ஜாவாஸ்கிரிப்ட்' என இரண்டு தோன்றின. இவற்றால் உலாவிக்குள்ளேயே நிரல் இயங்கலாயிற்று. ஆப்லெட் உலாவிகளில் இன்று வழக்கொழிந்தது, ஜாவாஸ்கிரிப்ட் நிலைபெற்றது. முழுப் பக்கத்தையும் மாற்றாமல், வேண்டிய ஒரு செய்தியை மட்டும் வழங்கியிடம் கேட்டுப் பெறும் வசதி 1999-இல் ஓர் உலாவியில் அமைந்து, பின்னர் எல்லா உலாவிகளுக்கும் பரவிற்று.

இந்தியாவில் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் 2002 ஆகஸ்டு மாதம் இணைய வழி முன்பதிவைத் தொடங்கியது. முதலில் இணையத்தில் பதிந்தவருக்கும் அச்சிட்ட சீட்டு அஞ்சலாளர் வழியே வீட்டிற்கு வந்தது. 2005-இல் பயணியே அச்சிட்டுக்கொள்ளும் மின்சீட்டு வந்தது. 2015 ஏப்ரலில் நம் எழும்பூர்–தாம்பரம் தடத்தில், முன்பதிவற்ற பயணத்திற்கும் தாளில்லாச் சீட்டு, பேசிச் செயலி வழியே அறிமுகமாயிற்று.

இணைய முன்பதிவு வந்தபொழுது பழைய முன்பதிவு மென்பொருளைத் தூக்கி எறியவில்லை. அதன் முன்னே ஒரு புதிய வாயிலை அமைத்தனர். பழையதைக் காத்துப் புதியதை இணைத்தல் என்னும் இக்கலையே நம் பாடத்தின் உயிர்நிலை.

3. இணைப்பின் உறுப்புகள்

இணைப்பில் மூன்று நிலைகள் உள. முதலாவது, பயணியின் உலாவி. இதனைப் படிவம் நிரப்பும் மேசை எனலாம். இரண்டாவது, இணைய வழங்கியில் இயங்கும் இடைநிலை நிரல். இதனைச் சாளரத்து எழுத்தர் எனலாம். மூன்றாவது, உள்ளே இருக்கும் மென்பொருள் கூறுகள். இடங்களைக் காக்கும் கூறு ஒன்று; கட்டணம் கணிக்கும் கூறு ஒன்று; வங்கியோடு பேசிப் பணம் பெறும் கூறு ஒன்று. ஒவ்வொரு கூறும் தன் பணியை மட்டும் அறியும்; பிறிதொரு கூறு அதனை எவ்வாறு செய்கின்றது என்பதை அறிய வேண்டுவதில்லை. 'இன்னது தந்தால் இன்னது தருவேன்' என்னும் வாக்குறுதியை மட்டும் அறிந்தால் போதும். இவ்வாக்குறுதிக்கே 'இடைமுகம்' என்று பெயர்.

உலாவி நேரே உள்ளறைக்குள் நுழைவதில்லை. அஃது இடைநிலை நிரலிடம் கேட்கும். இடைநிலை நிரல் அக்கேள்வியை உள்ளிருக்கும் கூறு அறிந்த வடிவத்திற்கு மாற்றிக் கொடுக்கும். விடையை மீண்டும் உலாவிக்கேற்ற வடிவத்தில் தரும். ஆகவே இடைநிலை நிரலை இருமொழி அறிந்த மொழிபெயர்ப்பாளர் என்று சொன்னால் பொருந்தும். மொழிபெயர்ப்பில் பிழை நேர்ந்தால் இருபுறமும் பழி வரும் என்பதை நாம் நன்கறிவோம்.

இவ்விணைப்பு செவ்வனே அமைய நான்கு விதிகள் வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

4. முதல் விதி: கேள்வியின் வடிவம் நிலையாக இருத்தல்

எச்.டி.டி.பி. என்னும் மீயுரை மாற்று நெறிமுறையே உலாவிக்கும் வழங்கிக்கும் பொதுமொழி. இதில் ஒவ்வொரு கேள்வியும் தனித்து நிற்பது. முந்தைய கேள்வியை வழங்கி தானாக நினைவில் வைத்திருப்பதில்லை. புறப்படும் நிலையம் தாம்பரம், சேரும் நிலையம் திருநெல்வேலி, நாள் இன்னது, வகுப்பு இன்னது என்று கேள்வி தன்னளவில் நிறைவுடையதாக இருத்தல் வேண்டும். நிலையத்திற்கு ஒரு குறியீடு, நாளுக்கு ஒரு வடிவம், வகுப்பிற்கு ஓர் எழுத்துக்குறி எனத் திட்டவட்டமாக வரையறுத்தல் இன்றியமையாதது. '5-6' என்று ஒருவர் எழுதினால் அது சூன் ஐந்தா, மே ஆறா? நாளின் வடிவத்தை முன்னரே உடன்பட்டிராவிடில் பயணி ஒரு நாளிலும் சீட்டு மற்றொரு நாளிலும் இருக்கும்.

வந்தவரை அடையாளங் காண வழங்கி ஒரு சிறு குறியைக் கொடுத்து அனுப்பும். அடுத்த கேள்வியோடு உலாவி அக்குறியைத் திருப்பிக் காட்டும். இதற்குக் 'குக்கி' என்று பெயர். 1994-இல் வழக்கிற்கு வந்தது. நிலையத்துப் பொருள்காப்பறையில் பெட்டியை வைத்துவிட்டுச் சீட்டு வாங்குவதை ஒத்தது இது. சீட்டைத் தொலைத்தவர் பெட்டியைப் பெறுதல் அரிது. பிறர் கையில் சீட்டுச் சிக்கினால் பெட்டியே போய்விடும். ஆதலால் அக்குறி மறைகுறியாக்கிய வழியிலேயே செல்ல வேண்டும்.

5. இரண்டாம் விதி: இருமுறை கேட்டாலும் ஒருமுறையே செய்தல்

தாம்பரத்தில் ஒருவரும் மதுரையில் ஒருவரும் ஒரே நொடியில் ஒரே கடைசிப் படுக்கையைக் கேட்கின்றனர் என்று கொள்வோம். இருவர் திரையிலும் 'இடம் ஒன்று உண்டு' என்றே தோன்றும். இருவருக்கும் கிடைக்குமா? கிடைக்காது. உலாவியில் காண்பது, கேட்ட நேரத்தில் எடுத்த படி மட்டுமே. மூலம் வழங்கியில் இருக்கின்றது. இடங்களைக் காக்கும் கூறு ஒரு கேள்வியை ஏற்றுப் பூட்டிட்டு, எழுதி, பூட்டை அவிழ்த்த பின்னரே அடுத்ததை நோக்கும். எழுதினால் முழுமையாக எழுத வேண்டும். இயலாவிடில் எதையும் எழுதாது பழைய நிலைக்கே மீள வேண்டும். இதனைப் 'பரிமாற்ற ஒருமை' எனலாம்.

இதனினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. கேள்வி சென்று சேர்ந்தது. வங்கிக் கணக்கில் பணம் கழிந்தது. விடை திரும்பும் வழியில் இணைப்பு அறுந்தது. திரை வெறுமையாக நிற்கின்றது. பயணி மீண்டும் பொத்தானை அழுத்துகின்றார். இப்பொழுது வழங்கி என்ன செய்ய வேண்டும்? இரண்டாவது கேள்வியைப் புதியதென்று கொண்டால் இரு சீட்டும் இரு கட்டணமும் ஆகிவிடும். முதற்கேள்வியின் மறுகூறலே இது என்று அறிந்தால் பழைய விடையையே திருப்பித் தரலாம். அறிவது எவ்வாறு? ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தொடக்கத்திலேயே தனி எண் ஒன்றை வழங்கி, மறுமுறை கேட்கும்பொழுதும் அதே எண்ணை அனுப்புமாறு செய்தல் வேண்டும். கடனைத் திருப்பிக் கொடுக்கும்பொழுது பற்றுச்சீட்டு எழுதி வைப்பது நம் பெரியோர் கைக்கொண்ட நல்வழக்கம். அவ்வழக்கத்தின் கணிப்பொறி வடிவமே இது.

6. மூன்றாம் விதி: நம்பிக்கைக்கு எல்லை வகுத்தல்

முன்னர் முனையத்தின் முன் அமர்ந்தவர் இருப்புப்பாதை எழுத்தர். பணிக்கு உறுதிமொழி தந்தவர். இன்று அவ்விடத்தில் அமர்ந்திருப்பவர் யார் என்று வழங்கிக்குத் தெரியாது. உலாவி எழுத்தரின் இருக்கையைப் பயணிக்குத் தந்தது, எழுத்தரின் மீது வைத்த நம்பிக்கையைத் தரவில்லை, தரவும் கூடாது.

உலாவிக்குள் ஓடும் நிரல் பயனரின் கணிப்பொறியில் ஓடுவது. அதனை அவர் நிறுத்தலாம், திருத்தலாம், அதனை விடுத்துத் தாமே ஒரு கேள்வியை எழுதியும் அனுப்பலாம். ஆகவே 'வயதை எண்ணால் எழுதுக', 'நாளை விடுபடாது நிரப்புக' என உலாவியில் செய்யும் சரிபார்ப்பு பயனருக்குச் செய்யும் உதவி மட்டுமே, பாதுகாப்பு ஆகாது. அதே சரிபார்ப்பை வழங்கியிலும் செய்தல் கட்டாயம். குறிப்பாக, கட்டணத் தொகையை உலாவி சொல்லக் கேட்டு ஏற்கலாகாது. வழங்கியே கணித்தல் வேண்டும். மாணவர் எழுதும் முதல் நிரல்களில் மிகுதியாகக் காணும் பிழை, தொகையைப் படிவத்திற்குள் மறைத்து வைத்து, அது மாறாமல் திரும்பும் என்று நம்புவதே.

உலாவியும் தன் பங்கிற்கு ஓர் எல்லை வகுத்துள்ளது. ஓரிடத்திலிருந்து வந்த பக்கத்தின் நிரல், வேறோர் இடத்து வழங்கியின் விடையை அவ்வழங்கியின் இசைவின்றிப் படிக்க உலாவி விடாது. இதற்கு 'ஒரே மூல விதி' என்று பெயர். புதிதாகக் கற்போர் தம் நிரல் இயங்காதது கண்டு இவ்விதியை நொந்துகொள்வர். இவ்விதி இல்லையெனில், ஒரு தாவலில் திறந்த ஏமாற்றுப் பக்கம், மறு தாவலில் திறந்திருக்கும் நம் வங்கிக் கணக்கைப் படித்துவிடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் நன்று.

7. நான்காம் விதி: எழுத்து சிதையாது சேர்தல்

இதுகாறும் கூறியவை எம்மொழியினருக்கும் பொது. இனிக் கூறுவது தமிழர்க்குச் சிறப்பாக உரியது. பட்டா, வாக்காளர் பட்டியல், கல்லூரிப் பதிவேடு போன்றவற்றில் பெயர் தமிழிலேயே எழுதப்படுகின்றது. உலாவியில் எழுதிய தமிழ்ப்பெயர் வழங்கியில் அதே பெயராகச் சேர்கின்றதா?

'தாம்பரம்' என்னும் சொல்லில் எழுத்துகள் எத்தனை? இலக்கணம் கற்றவர் ஐந்து என்பர்: தா, ம், ப, ர, ம். ஒருங்குறி முறையிலோ இஃது எட்டுக் குறிகள்: த, கால், ம, புள்ளி, ப, ர, ம, புள்ளி. 'யு.டி.எஃப்.-8' என்னும் வடிவில் அனுப்பும்பொழுது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு வேண்டும். ஆக 24 பைட்டு. இணைய முகவரிக்குள் இச்சொல்லை இட்டால் ஒவ்வொரு பைட்டும் மூன்று குறிகளாக விரியும், ஆக 72. ஐந்து, எட்டு, இருபத்து நான்கு, எழுபத்திரண்டு: ஒரே சொல்லுக்கு நான்கு நீளங்கள்!

இதனால் வரும் கேடு யாது? 'முஹம்மது இஸ்மாயில்' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். காயிதே மில்லத் அவர்களின் பெயர். நம் இல்லங்கள் பலவற்றிலும் வழங்கும் பெயர். இதில் எழுத்துகள் பத்தே. பதிவேட்டை வடிவமைத்தவர், ஆங்கில எழுத்தை மனத்திற் கொண்டு, '50 பைட்டு எவர் பெயருக்கும் போதும்' என்று இடம் ஒதுக்கினார் என்க. இப்பெயருக்கு இடைவெளியோடு 52 பைட்டு வேண்டும். நீளத்தைச் சரிபாராமல் வெட்டிச் சேமிக்கும் நிரலாயின், ஈற்றிலுள்ள 'ல்' தன் புள்ளியை இழந்து, அவ்விடத்தில் பொருளற்ற துணுக்கொன்று ஒட்டிக்கொள்ளும். பெயருக்குரியவர் பின்னர்த் தம் பெயரைத் தேடினால், 'அப்படி ஒருவர் இல்லை' என்று கணிப்பொறி கூறும்.

மற்றொரு சிக்கல்: மேடவாக்கத்தை அடுத்த கோவிலம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். 'கோ' என்பதைக் ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ககரத்தோடு இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கு இரண்டும் வேறு. இருவகையையும் ஒரே வடிவிற்குக் கொணர்ந்த பின்னரே ஒப்பிடுதல் வேண்டும். இதனை 'இயல்பாக்கம்' என்பர். இதனை வழங்கியின் வாயிலிலேயே செய்துவிட்டால், உள்ளிருக்கும் கூறுகள் எல்லாம் ஒரே வடிவத்தையே காணும்.

மூன்றாவது சிக்கல் ஒலிபெயர்ப்பு. முஹம்மது, முகம்மது, முகமது ஆகிய மூன்றும் ஒரு பெயரின் வடிவங்களே. ஃபாத்திமா, பாத்திமா என்பனவும் அவ்வாறே. இவற்றை இயல்பாக்கம் ஒன்றாக்காது. ஏனெனில் இவை உண்மையிலேயே வெவ்வேறு எழுத்துக்கோவைகள். தேடும்பொழுது இணையான வடிவங்களையும் காட்டலாம். சேமிக்கும்பொழுது ஒருவர் தம் பெயரை எழுதியவாறே காத்தல் வேண்டும். பெயரைத் திருத்தும் உரிமை நிரலுக்கு இல்லை.

8. எழுத்து உடன்பாட்டின் வரலாறு

எழுத்தைப் பற்றிய உடன்பாடு தமிழர்க்குப் புதியதன்று. தமிழக, ஈழத்து முஸ்லிம் பெருமக்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதி வளர்த்தது அரபுத்தமிழ். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, அரபு எழுத்துகளோடு புள்ளிகளையும் குறிகளையும் கூட்டிப் புதிய வடிவங்கள் அமைத்தனர். எழுதுவோரும் படிப்போரும் அவ்விதியை ஏற்றதனாலேயே நூல்கள் பொருள் தந்தன. விதி அறியாதவர் கையில் அந்நூல் வெறும் கோடுகளே.

கணிப்பொறித் தமிழிலும் இதுவே நிகழ்ந்தது. தொடக்கத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. ஒருவர் அனுப்பிய மடல் மற்றவர் திரையில் புரியாக் குறிகளாகத் தோன்றியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற 'தமிழ்இணையம் 99' மாநாட்டை ஒட்டித் 'தமிழ்99' விசைப்பலகையும், 'டாம்', 'டாப்' குறியேற்றங்களும் தமிழக அரசால் ஏற்கப்பட்டன. உலகத் தமிழர் பலர் 'டிஸ்கி' குறியேற்றத்தையும் பயன்படுத்தினர். 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. இன்று உலாவி, இடைநிலை நிரல், தரவுத்தளம் ஆகிய மூன்றும் ஒருங்குறியையே அறியும். ஆயினும் மூன்றும் அதனையே பயன்படுத்துவதாக வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும். மூன்றில் ஒன்று வாளாவிருந்தால் அவ்விடத்தில் தமிழ் கேள்விக்குறிகளாக மாறிவிடும். பழைய குறியேற்றத்தில் தேங்கியுள்ள ஆவணங்களை மாற்றும் பணியும் நம்முன் உள்ளது.

9. தமிழ் மாணவர் செய்யத்தக்கவை

தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் உள்ள மென்பொருள் நிறுவனங்களில் நம் புறநகரின் இளைஞர் பலர் பணிபுரிகின்றனர். அவர்கள் அமைக்கும் படிவத்தில் தமிழ்ப் பெயர் முழுமையாகச் சேருமா என்று சோதித்துப் பார்க்க, தமிழ் கற்றவரின் துணை வேண்டும். தமிழ்த்துறை மாணவர் சோதனைப் பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தொகுத்துத் தரலாம். நீண்ட பெயர்கள், ஔகாரம் வரும் பெயர்கள், ஆய்தம் வரும் பெயர்கள், ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய எழுத்துகள் வரும் பெயர்கள், ஓர் எழுத்தாலான தலைப்பெழுத்துகள் ஆகியன அதில் இடம்பெறல் வேண்டும். இப்பட்டியலைப் படிவத்தில் இட்டு, சேமித்து, திரும்ப எடுத்து, தேடிப் பார்த்து, நான்கு நிலைகளிலும் பெயர் மாறாதிருந்தால் அவ்விணைப்பு நம்பத்தக்கது. இதற்கு நிரல் எழுதும் திறன் வேண்டுவதில்லை. எழுத்தறிவும் பொறுமையும் போதும்.

முடிவுரை

உலாவியில் காண்பது படி. வழங்கியில் இருப்பது மூலம். இரண்டையும் இணைப்பது உடன்படிக்கை. கேள்விக்கு நிலையான வடிவம் வேண்டும். இருமுறை கேட்டாலும் ஒருமுறையே செய்தல் வேண்டும். உலாவி கூறியதை வழங்கி தானே சரிபார்த்தல் வேண்டும். எழுத்து புறப்பட்டவாறே சேர்தல் வேண்டும். இந்நான்கில் முதல் மூன்றையும் உலகம் நமக்காகச் செய்துகொண்டே இருக்கும். அவற்றைப் பிற மொழியினரும் வேண்டுவர். நான்காவதை நாம் கேட்டாலன்றி எவரும் செய்யார்.

பதிவேட்டின் காலத்தில் பெயரைத் தவறாக எழுதினால் சாளரத்தின் முன் நின்று, 'ஐயா, இது என் பெயரன்று' என்று எழுத்தரிடம் சொல்ல முடிந்தது. இன்று சாளரத்திற்கு அப்பால் மனிதர் இல்லை. ஆதலின் அச்சொல்லை நிரல் எழுதப்படும்பொழுதே சொல்லிவிடுதல் வேண்டும். அதனைச் சொல்லும் தகுதி தமிழ் கற்ற மாணவர்க்கு உண்டு, கடமையும் உண்டு.